சிறு விமானத்தின் பறப்புத் தரவைப் பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுக்கலாமா?

#1 கூட்டுச்சிறகு

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் நாங்கள் சில நண்பர்கள் கூட்டாக ஒரு செஸ்னா 172 வாங்கி ஓட்டி வருகிறோம். அதில் கார்மின் ஜி1000 திரைகள் உள்ளன. எஸ்டி கார்டு செருகியிருந்தால் வேகம், உயரம், சாய்வு, இன்ஜின் வெப்பநிலை என அனைத்தும் நொடிக்கு ஒரு வரியாக அதில் பதிவாகிவிடுகின்றன. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட என்ஜிஏஎஃப்ஐடி என்னும் களஞ்சியத்தில் இந்தக் கோப்புகளை நாமே ஏற்றலாம் என்றும், தொகுத்த வடிவில் அவை, அமெரிக்க விமானத்துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏயின் ஏஎஸ்ஐஏஎஸ் என்னும் பாதுகாப்பு ஆய்வுத் திட்டத்துக்கு உதவுகின்றன என்றும் எங்களுள் ஒருவர் சொன்னார். மற்றொருவர், "இது சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ளும் வேலை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார். இருவருமே நன்றாக ஓட்டக்கூடியவர்கள், இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. தரவைக் கொடுப்பதால் யாருக்கு என்ன பயன், கொடுப்பவருக்கு என்ன பாதுகாப்பு என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் எங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வர உதவியாக இருக்கும்.

#2 பழைய பயிற்றுநர்

உங்கள் நண்பரின் அச்சம் புதியதன்று. அமெரிக்காவில் பாதுகாப்புத் தகவல் பகிர்வு என்னும் ஏற்பாடே அந்த அச்சத்தைத் தீர்ப்பதற்காகத்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பதால், அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் எண் போயிங் 727 விமானம், வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் காற்று பலமாக இருந்ததால் அதே நகருக்கான டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. ஓடுபாதையை அணுகுவதற்கு அனுமதி கிடைத்ததும், அடுத்த உயரத்துக்கு இப்போதே இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டு 1800 அடியை நோக்கி இறங்கினார்கள். இடையில் மலை இருப்பதை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொல்லுவார் என்று அவர்கள் எண்ணினார்கள். அது விமானிகளின் பொறுப்பு என்று கட்டுப்பாட்டாளர் எண்ணினார். வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் மலையில் மோதி, விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த செய்திதான் அதைவிட வேதனையானது. சில வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று ஓடுபாதையை அணுகும் அதே வழியில் அதே விதமாக இறங்கி, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் அதைத் தெரிவித்தார்கள், நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அந்த எச்சரிக்கை டிடபிள்யூஏ விமானிகளைச் சென்றடைய வழியே இருக்கவில்லை.

இதன் பிறகு 1975இல் எஃப்ஏஏ தானே ஒரு தன்னார்வ அறிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் கொண்ட அலுவலகத்திடமே போய் "நான் இன்று இப்படி இறங்கிவிட்டேன்" என்று யார் எழுதுவார்கள்? ஆகவே 1976இல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. நாசாவுக்கு விமானிகளைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது, அதுவே அதன் தகுதி. ஏஎஸ்ஆர்எஸ் என்று நாம் சொல்லும் அந்தத் திட்டத்தில் நாம் அனுப்பும் படிவத்தின் அடையாளப் பகுதியைத் தனியே பிரித்து, தேதி முத்திரையிட்டு நமக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு யார் எழுதினார் என்பது அவர்களுக்கே தெரியாது. சிறு விமான ஓட்டிகள், கட்டுப்பாட்டாளர்கள், மெக்கானிக்குகள் என எவரும் எழுதலாம்.

கொடுப்பவருக்குக் கிடைப்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. வேண்டுமென்று செய்யாத மீறலாக இருந்து, குற்றச் செயலோ விபத்தோ தகுதிக் குறைபாடோ இல்லாமல், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வேறு மீறல் நிரூபிக்கப்படாமல், 10 நாட்களுக்குள் அறிக்கை அனுப்பியிருந்தால், மீறல் நடந்ததென எஃப்ஏஏ வேறு வழியில் கண்டுபிடித்தாலும் அபராதமோ உரிம இடைநீக்கமோ விதிப்பதில்லை. அந்த அறிக்கையையே ஆதாரமாகக் கொண்டு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதும் விதி 91.25இல் உள்ளது.

ஆகவே உங்கள் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, தரவு யார் கையில் இருக்கும், அவர் கையில் தண்டிக்கும் அதிகாரம் உண்டா என்பதே. மற்றவை அதற்குப் பிறகுதான்.

#3 புள்ளியியல் ராணி

ஐயா சொன்ன வரலாற்றோடு ஒரு வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏஎஸ்ஆர்எஸ் அறிக்கைகள் எதனால் ஒரு தவறு நிகழ்ந்தது என்பதைக் காட்டுவதில் ஈடு இணையற்றவை. எத்தனை முறை நிகழ்கிறது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. மனமுவந்து எழுதுபவர்கள் மட்டுமே எழுதுகிறார்கள். விதி மீறிவிட்டோம் என்று தெரிந்தவர்களுக்கு எழுத ஒரு தூண்டுதல் இருக்கிறது, தாம் செய்ததையே அறியாதவர்கள் எழுத மாட்டார்கள். எண்ணிக்கையை வைத்து விகிதம் கணக்கிடாதீர்கள் என்று அந்தத் திட்டமே தன் தரவோடு எச்சரிக்கை இணைத்துத் தருகிறது.

விபத்து அறிக்கைகளின் நிலை வேறு. அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி பெரும்பாலும் எல்லா விபத்துகளையும் பதிவு செய்வதால் பின்னத்தின் மேலே உள்ள எண் நமக்கு நன்றாகத் தெரியும். கீழே போட வேண்டிய எண், அதாவது சிறு விமானங்கள் மொத்தம் எத்தனை மணி பறந்தன என்பது, எஃப்ஏஏ ஆண்டுதோறும் உரிமையாளர்களிடம் நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வரும் மதிப்பீடு. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் நினைவிலிருந்து நிரப்பும் படிவத்தின் மேல்தான் "ஒரு லட்சம் மணிக்கு ஏறத்தாழ ஒரு மரண விபத்து" என்ற எண் நிற்கிறது. விமான நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவை ஒவ்வொரு பறப்பையும் கணக்கில் வைத்தாக வேண்டும்.

இதன் விளைவை 2010இல் என்டிஎஸ்பி வெளியிட்ட ஓர் ஆய்வில் பார்க்கலாம். 2002 முதல் 2006 வரை தயாரான 8000க்கும் மேற்பட்ட ஒற்றை இன்ஜின் விமானங்களை எடுத்துக்கொண்டு, பழைய முள் கருவிகள் உள்ளவற்றையும் ஜி1000 போன்ற கண்ணாடித் திரைகள் உள்ளவற்றையும் ஒப்பிட்டார்கள். திரை உள்ள விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவாகவும், மரண விபத்து விகிதம் கூடுதலாகவும் இருந்தது. இதைக் கேட்டதும் திரைதான் ஆளைக் கொல்கிறது என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் திரை உள்ள விமானங்கள் நீண்ட தூரப் பயணத்துக்கும், வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பறப்புக்கும் கூடுதலாகப் பயன்பட்டன. முள் கருவி விமானங்கள் பயிற்சிப் பள்ளிகளில் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்தன. பயிற்சியில் சக்கரம் உடையும், இறக்கை நுனி உரசும், ஆனால் பெரும்பாலும் எவரும் இறப்பதில்லை. எந்த விமானம் எங்கே, எந்த வானிலையில், எவ்வளவு நேரம் பறந்தது என்ற அன்றாடத் தரவு இருந்தால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம். உங்கள் எஸ்டி கார்டில் இருப்பது அதுதான்: ஒன்றும் நடக்காத பறப்புகள். ஆய்வாளருக்கு மிகவும் பஞ்சமானவை அவையே.

#4 தெற்குக் காற்று

எல்லாம் சரி. நான் மறுக்கும் பக்கத்தில் இருக்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

விமானத்தின் இடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியைப் பொருத்தும்படி நம்மிடம் கேட்டபோது என்ன சொன்னார்கள்? பாதுகாப்பு என்றார்கள். 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பரப்பில் அது கட்டாயமானது, பொருத்தியவர்கள் அதை அணைத்தும் வைக்கக் கூடாது. இன்று அதே ஒலிபரப்பை எடுத்துச் சில விமான நிலையங்கள் தரையிறங்கும் கட்டண ரசீது அனுப்புகின்றன. விமான உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கின்றன என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டணத்துக்கு அஞ்சி ஒரு மாணவர் சுற்றுப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டால் பாதுகாப்பு கூடுமா, குறையுமா? ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவு மறு நோக்கத்துக்குப் போவதற்கு எவரும் தீயவராக இருக்க வேண்டியதில்லை. தரவு அங்கே கிடக்கிறது என்பதே போதும்.

மேலும், பயிற்றுநர் ஐயா சொன்ன 91.25 நாசாவுக்கு அனுப்பும் அறிக்கையைப் பற்றியது. பறப்புத் தரவை நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 13.401, எஃப்ஏஏ ஒப்புதல் பெற்ற தரவுத் திட்டத்தை நடத்தும் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நான்கு பேர் கூட்டாக வைத்திருக்கும் செஸ்னாவுக்கு அதே கேடயம் அப்படியே பொருந்தும் என்று யாராவது எழுதித் தருவார்களா? பெயரை நீக்கிவிடுவோம் என்கிறார்கள். எங்கள் ஊர் ஓடுபாதையில் ஜி1000 உள்ள 172 ஒன்றே ஒன்று. பதிவெண்ணை அழித்துவிட்டு அட்சரேகை தீர்க்கரேகையை விட்டுவைத்தால் என் பெயரை எழுதி வைத்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

#5 புள்ளியியல் ராணி

கடைசிக் கேள்வி மிகவும் சரியான கேள்வி. ஒரே ஒரு விமானம் உள்ள இடத்தில் பெயர் நீக்கம் என்பது பேச்சளவில்தான் இருக்கும். ஆய்வுக்குத் துல்லியமான இடம் பெரும்பாலும் தேவையில்லை. ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தொலைவு, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மாற்றிக் கொடுத்தாலே போதும். தரவை ஏற்பவரிடம் இதைக் கேட்க வேண்டும், சரியான விடை கிடைக்காவிட்டால் கொடுக்காமல் இருக்கும் உரிமையும் நமக்கு உண்டு.

#6 எண்ணெய்க்கை

நான் விமான மெக்கானிக். இங்கே எல்லோரும் சட்டத்தையும் கொள்கையையும் பேசுகிறீர்கள். நான் இன்ஜினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கார்டில் நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனியாக வெளியேறும் வாயுவின் வெப்பநிலை பதிவாகிறது. எக்ஸாஸ்ட் வால்வு ஒரு பக்கமாக எரியத் தொடங்கும்போது அந்தச் சிலிண்டரின் கோடு மட்டும் சீரான பறப்பில் மெதுவாக ஏறி இறங்கும், ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை என்ற கதியில். வால்வு தன் இருக்கையில் மெல்லச் சுழல்வதால், கசியும் பக்கம் இடம் மாறிக்கொண்டே இருப்பதே அதற்குக் காரணம். விமானி அறையில் அமர்ந்து எண்ணைப் பார்ப்பவர் கண்ணுக்கு இது படவே படாது. கோப்பைத் திறந்து கோடாக வரைந்தால்தான் தெரியும், அப்போதும் காற்று உள்ளிழுக்கும் குழாயில் கசிவா வால்வா என்று, சிலிண்டருக்குள் பார்க்கும் போர்ஸ்கோப் விட்டுப் பார்த்தே முடிவு செய்வேன். இந்த வடிவத்தைத் தானாகக் கண்டுபிடிக்க முடிந்ததே, ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள் தங்கள் இன்ஜின் கோப்புகளை ஒரே இடத்தில் ஏற்றியதால்தான். எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. கொடுத்தவருக்குத் தம் சிலிண்டரைப் பற்றி ஒரு விடை திரும்பக் கிடைத்தது, அதனால் கொடுத்தார்கள்.

எடுத்துக்கொள்வது மட்டுமே வேலையாக இருக்கும் களஞ்சியம் காய்ந்துபோகும் என்பது என் அனுபவம்.

#7 பழைய பயிற்றுநர்

எண்ணெய்க்கை தம்பி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பறப்பைப் பற்றியும் அதே அளவு நெருக்கமாக ஒன்றைக் காட்டுகிறேன்.

சிறு விமானங்களின் மரண விபத்துகளில் முதலிடம் பறப்பில் கட்டுப்பாடு இழப்பதற்குத்தான். எஃப்ஏஏயும் விமானி அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் ஜிஏஜேஎஸ்சி கூட்டுக் குழு பல ஆண்டுகளாக முதன்மையாக எடுத்துக்கொண்டதும் அதையே. அதில் பேஸிலிருந்து (ஓடுபாதைக்குக் குறுக்கான கட்டம்) ஃபைனலுக்கு (ஓடுபாதைக்கு நேரான கடைசிக் கட்டம்) திரும்பும் திருப்பம் ஒரு பழம்பெரும் எமன். பேஸில் பின்காற்று இருந்தால் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவோம்; கை தானாகச் சாய்வைக் கூட்டும், விமானத்தின் மூக்கை மேலே இழுக்கும்.

என் மாணவர் ஒருவரின் கோப்பிலிருந்து இந்த இடத்தைப் பாருங்கள். அவர் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். தரையிலிருந்து 500 அடி உயரத்தில் திருப்பத்தைத் தொடங்கும்போது வேகம் 68 நாட் (மணிக்குக் கடல் மைல்), இடச் சாய்வு 24 பாகை. அடுத்தடுத்த வரிகளில் சாய்வு 30, 36, 41 என்று ஏறுகிறது, வேகம் 61க்கு இறங்குகிறது. இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃபிளாப்பை இறக்காத 172எஸ் முழு எடையில் ஏறத்தாழ 48 நாட்டில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும். 41 பாகைச் சாய்வில் உயரத்தைத் தக்கவைக்க இழுத்தால் அந்த 48, 55 ஆகிவிடும். ஆக, எஞ்சியிருந்தது 6 நாட். மாணவர் இறங்கிவிட்டு, "சற்று அகலமாகப் போய்விட்டது" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அது அவ்வளவாகத்தான் தெரிந்திருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாய்வை மட்டும் வைத்து ஸ்டாலுக்கு எவ்வளவு அருகில் போனார் என்று தீர்ப்பு எழுதக் கூடாது. மூக்கை இழுக்காமல் இறங்கவிட்டிருந்தால் சுமை கூடியிருக்காது. அதைத் தெரிந்துகொள்ள செங்குத்து முடுக்கத்தின் பத்தியைப் பார்க்க வேண்டும். இவரது கோப்பில் அதுவும் ஏறியிருந்தது, அதாவது இழுத்திருந்தார். பல சிறு விமானங்களில் ஃபிளாப் நிலை பதிவாவதே இல்லை என்பதால், ஃபிளாப் இறக்கியிருந்தாரா என்பதை மாணவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோப்பு மட்டும் போதாது, ஆளிடமும் பேச வேண்டும்.

இப்படி ஒருவர் செய்வதை நான் அறிவேன். ஆயிரம் பேரில் எத்தனை பேர், எந்தக் காற்றில் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. விபத்து அறிக்கையிலும் அது இருக்காது, ஏனென்றால் இவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டவர்கள்.

#8 தெற்குக் காற்று

இந்தப் பதிவு என்னை யோசிக்க வைக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன பயன், பயிற்றுநரும் மாணவரும் கோப்பைச் சேர்ந்து பார்த்ததால் வந்தது. தேசியக் களஞ்சியம் அதற்குத் தேவைப்படவில்லை.

#9 பழைய பயிற்றுநர்

தேவைப்படவில்லை என்பது உண்மை. ஆனால் பயிற்சி முறையையே மாற்ற வேண்டுமானால் ஒரு கோப்பு போதாது. சிரஸ் விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் அவற்றில் தொடக்கம் முதலே உள்ளது. ஆயினும் ஆரம்ப ஆண்டுகளில் அவற்றின் மரண விபத்து விகிதம் எவரும் பெருமைப்படும்படி இல்லை. உரிமையாளர் சங்கத்தினர் விபத்துகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் படித்தபோது, பாராசூட்டை இழுத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய பலர் இழுக்கவே இல்லை என்பது புலப்பட்டது. அவர்களுக்குக் கை ஓடாததல்ல காரணம். எந்த நிலையில், எந்த உயரத்துக்கு மேல் தயங்காமல் இழுக்க வேண்டும் என்பது பயிற்சியில் பதியவில்லை. பயிற்சி மாறியது, இழுப்பவர்கள் கூடினார்கள், மரண விகிதம் கண்கூடாக இறங்கியது. விமானத்தில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் கிடைத்த பலன் இது. தனி விமானி ஒருவர் தம் கோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த உண்மை எக்காலத்திலும் வெளிவந்திருக்காது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். தரவைப் பகிராமல் வைத்துக்கொண்டால் அது எவர் கைக்கும் போகாது என்று எண்ண வேண்டாம். விபத்து நேர்ந்தால் என்டிஎஸ்பி முதலில் தேடும் பொருள்களுள் அந்த எஸ்டி கார்டும் ஒன்று. காரணம் குறித்த வாரியத்தின் முடிவை இழப்பீட்டு வழக்கில் ஆதாரமாக்கக் கூடாது என்று சட்டம் தடுத்தாலும், அளவீட்டு உண்மைகள் வெளிவரத்தான் செய்யும்.

#10 தெற்குக் காற்று

கார்டை என்டிஎஸ்பி எடுப்பது விபத்துக்குப் பிறகு. நான் கேட்பது விபத்தே நடக்காத ஆயிரம் நாட்களைப் பற்றி. அந்த நாட்களின் பதிவு என் வீட்டு மேசையறையில் இருக்கும் வரை எவரும் அதில் மீன் பிடிக்க முடியாது. சிரஸ் எடுத்துக்காட்டை ஏற்கிறேன், ஆனால் அதைச் செய்தது உரிமையாளர் சங்கம், அரசு அன்று. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஒருவர் தரவை வைத்திருந்து, துல்லிய இடத்தை நீக்கிவிட்டு, வேறு எதற்கும் தர மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்து, எனக்கும் பயனுள்ள ஏதாவது ஒன்றைத் திருப்பித் தந்தால், நான் கொடுப்பதற்குத் தயார். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் தயாரில்லை.

#11 கூட்டுச்சிறகு

அனைவருக்கும் நன்றி. நேற்று எங்கள் கூட்டம் நடந்தது. தெற்குக் காற்று அவர்களின் நான்கு நிபந்தனைகளை அப்படியே எழுதி மேசையில் வைத்தேன். மறுத்தவர் அவற்றைப் படித்துவிட்டு, தம் பறப்புகளை மட்டும் விட்டுவிட்டால் மற்றவர்கள் ஏற்றுவதில் தமக்கு மறுப்பில்லை என்றார். களஞ்சியத்தின் ஒப்பந்த வாசகத்தை வழக்கறிஞரான எங்கள் கூட்டாளி ஒருவர் முதலில் படித்துச் சொல்வார். அவர் சரி என்றால் ஓராண்டுக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் பேசுவோம். அதற்குள், எண்ணெய்க்கை அவர்கள் சொன்ன வெப்பநிலைக் கோடுகளை எங்கள் மெக்கானிக்கிடம் காட்டப்போகிறோம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஒரே ஒரு ஐயம். கார்டு ஒன்றுதான், ஓட்டுபவர்கள் பலர். ஒருவரின் பறப்பை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது?

#12 எண்ணெய்க்கை

எளிது. ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டதும் ஜி1000 புதிய கோப்பைத் தொடங்கும், கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். விமானத்தை எடுக்கும்போது கையெழுத்திடும் ஏட்டோடு ஒப்பிட்டு அவருடையதைத் தனி உறையில் போட்டுவிடுங்கள். உள்ளூர் நேரமா உலக நேரமா என்பதை மட்டும் முதல் கோப்பிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையேல் மாலைப் பறப்புகள் மறுநாள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஹாங்கரில் தரைச் சோதனைக்கு நாங்கள் மின்சாரம் போடும்போதும் சிறு கோப்புகள் உருவாகும்; அவற்றைப் பறப்பு என்று எண்ணி ஏற்றிவிட வேண்டாம்.